நீ பாதியில் விட்டுப்போன பயிற்சி வகுப்பு

என் பிரியத்துக்குரிய பாலா மச்சான்,

உனக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நானில்லை. நீ இருந்தபோது அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளுக்கே ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு நகர்ந்தவன். ஆனால் நம் வீட்டில் திதி கொடுக்கிற வழக்கமும் இல்லை, காக்கைக்குச் சோறு வைக்கிற வழக்கமும் இல்லை. போன உயிர் போன கணமே அடுத்த பிறப்புக்குப் போய்விடுகிறது என்பது நம் சமணப் பெரியவர்கள் சொல்வது. அவர்கள் கணக்குப்படி நீ இப்போது எங்கேயோ ஒரு கைக்குழந்தை. இதை உன் முன்னால் யாராவது வாசித்தாலும் காகிதத்தைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்வாய். பரவாயில்லை. சொல்லாமல் உள்ளே வைத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை.

நீ செய்த வேலையை உனக்கே விளக்குவது கேலிக்கூத்துதான். ஆனாலும் இதை வேறு சிலரும் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நீ என் மனைவி ராஜமதியின் அண்ணன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இடம். பெற்றவர்களோடு இருக்க வழியில்லாத பிள்ளைகளைக் கொஞ்ச காலம் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்க முன்வரும் குடும்பங்களுக்குப் பயிற்சி கொடுப்பது உன் வேலை. பிள்ளை கடித்தால் என்ன செய்வது, திருடினால் என்ன செய்வது, வாயே திறக்காவிட்டால் என்ன செய்வது என்று எங்களைப் போன்ற நடுவயதுக்காரர்களைத் தரையில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாய். உனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்தத் துணிச்சல் எனக்கு வந்திருக்காது.

உன் இரங்கல் கூட்டத்தில் உன்னைத் தெய்வமாக்கிவிட்டார்கள். பேசியவர்களில் பாதிப் பேர் நீ இருந்தபோது உன் போனை எடுக்காதவர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். இந்த மாதிரி விஷயங்களை நான் மறப்பதில்லை, அது உனக்கும் தெரியும். உன் படத்துக்குச் சந்தன மாலை போட்டுச் சுவரில் மாட்டினார்கள், வகுப்பை நிறுத்தினார்கள்.

என்னை இதில் இழுத்துவிட்டவன் நீதான். நினைவிருக்கிறதா? செங்கம் சாலையில் அந்த டீக்கடை வாசல். அன்று காலையில்தான் கல்லூரியில் எனக்குப் பின்னால் சேர்ந்தவனை வரலாற்றுத் துறைக்குத் தலைவராக்கியிருந்தார்கள். நான் புலம்பி முடிக்கும்வரை நீ மசால் வடையைத் தின்றுகொண்டிருந்தாய்.

"மச்சான், உனக்கு யார் யார் துரோகம் பண்ணாங்கன்னு எண்ணிக்கினே நீ ரிட்டயர் ஆவப் போற. வீட்ல ஒரு புள்ள இருந்தா அதுக்கு நேரம் இருக்காது."

"நீ பண்ணதையும் சேத்துதான் எண்ணிட்டு இருக்கேன்."

"எண்ணு. நல்லா எண்ணு. அடுத்த சனிக்கிழம வகுப்புக்கு வா. ராஜியையும் கூட்டிட்டு வா. நம்ம ரெண்டு பேர் வடைக்கும் நீயே காசு குடுத்துடு."

அப்படித்தான் வந்தோம். அடி அண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். பந்தி மேசைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தாய். மொத்தம் ஏழெட்டுக் குடும்பங்கள். முதல் நாளே என்னை எழுப்பி நடுவில் உட்காரவைத்து, "நீதான் புள்ள. பிஸ்கட்ட திருடிட்ட" என்றாய். ஆட்டோ ஓட்டுகிற ஏழுமலையை என் அப்பாவாக நடிக்கச் சொன்னாய். அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் மனிதர் நிஜமாகவே இறங்கிவிட்டார்.

"ஏன்டா எடுத்த? சொல்றா, ஏன் எடுத்த? வாய்ல இன்னா கொழுக்கட்டையா கீது?"

எனக்கு ஒரு பதிலும் வரவில்லை. முப்பது வருடமாக மேடையில் நின்று பேசுகிறவன், வாயைத் திறந்து மூடினேன். கூடம் முழுக்கச் சிரித்தது. ராஜமதியும் சிரித்தாள். நீ மட்டும் சிரிக்கவில்லை. "பாத்தீங்களா? எம்.பில். படிச்சவருக்கே ஏன் எடுத்தோம்னு சொல்லத் தெரியல. ஒம்பது வயசுப் புள்ளைக்கு எப்படித் தெரியும்? அதனால ஏன்னு கேக்காதீங்க. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பாருங்க" என்றாய்.

பாடம் புரிந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் என்னை வைத்துத்தான் அதைச் சொல்ல வேண்டுமா? அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, பாலா. நீ போய்விட்டாய் என்பதற்காக அதை நான் தள்ளுபடி செய்யவில்லை.

எங்களுக்குக் கொடுத்த ஒன்பது வயதுப் பெண்ணின் பெயரை இங்கே எழுதக்கூடாது. அதுவும் நீ சொல்லிக் கொடுத்த விதிதான். மல்லி என்று வைத்துக்கொள்கிறேன். அம்மா இல்லை. அப்பா எங்கேயோ செங்கல் சூளையில், நிதானமில்லாத ஆள். குழந்தைகள் இல்லத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, முட்டியில் ஆறாத புண்ணோடும் ஒரு பிளாஸ்டிக் பையோடும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ராஜமதியைப் பெரியம்மா என்றாள். என்னை ஊரே அழைக்கிற மாதிரி சார் என்றாள்.

முதல் நான்கு மாதம் உனக்கே தெரியும். பெரிய குறையில்லை. பொய் சொல்வாள், ஆனால் ரசிக்கும்படி சொல்வாள். வாரத்தில் பாதி நாள் நீயும் வந்துவிடுவாய். சீரியல் முடிந்து எட்டரை மணிக்கு எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது நம் குலத்து வழக்கம் என்று ராஜமதி எப்போதாவது நினைவுபடுத்துவாள். "சூரியன கேட்டுட்டு சாப்ட்டா கேஸ் டிரபிள் வரும்டி" என்று நீ இன்னொரு தோசைக்குத் தட்டை நீட்டுவாய். மல்லி உன்னைப் பார்த்துத் தானும் தட்டை நீட்டுவாள்.

பிறகு ஒரு புதன்கிழமை காலையில் நீ குளியலறையில் விழுந்தாய். இதயத்தில் அடைப்பு இருப்பது உனக்கு முன்பே தெரியும் என்று மருத்துவர் சொன்னார். எங்களுக்குத் தெரியாது. பிள்ளைகளிடம் எதையும் மறைக்காதீர்கள், நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்று பாயில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தவன் நீ. சொந்தத் தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு?

உன் காரியமெல்லாம் முடிந்த மறுநாள் ராஜமதி ஜினாலயத்துக்குப் போய் நோன்பு எடுத்துக்கொண்டாள். ஒரு வருடத்துக்கு இரவு உணவு இல்லை. விளக்கு வைத்த பிறகு அடுப்புப் பற்றவைப்பதில்லை. உன்னை எத்தனையோ ராத்திரி சாப்பிடவிட்ட பாவம் தன்னுடையது என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். நான் மறுத்துப் பேசவில்லை. துக்கத்தில் இருப்பவளிடம் தர்க்கம் செய்ய நான் என்ன முட்டாளா? அன்றிலிருந்து ஐந்தரை மணிக்கு எல்லோருக்கும் சாப்பாடு. ஆறு மணிக்குள் பாத்திரமெல்லாம் துலக்கிக் கவிழ்த்து, மேடை துடைத்து, சமையலறை விளக்கை அணைத்துவிடுவாள். மல்லிக்கு எட்டு மணிக்கு ஃபிளாஸ்க்கிலிருந்து பால், பழம், ரொட்டி. அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அந்த மாதம்தான் ஆரம்பித்தது, மச்சான்.

முதலில் தலையணைக்கு அடியில் வாழைப்பழம் அழுகிக் கிடந்தது. பிறகு புத்தகப்பையில் பச்சரிசி. பிறகு சாமி அறையில் வைத்திருந்த கல்கண்டு காணாமல் போனது. கேட்டால் எடுக்கவே இல்லை என்று சாதிப்பாள். விளக்கு வைக்கிற நேரமானால் உடம்பெல்லாம் முறுக்கிக்கொள்ளும். எதற்காவது வம்பு பிடித்து டம்ளரை விட்டெறிவாள். ஒருநாள் ராஜமதி கையைப் பிடித்தபோது முழங்கைக்குக் கீழே கடித்தாள். பல் பதிந்த இடம் ஒரு வாரம் கன்றிப் போயிருந்தது. "அண்ணன் இருந்தா கேக்கலாம்" என்று மஞ்சளைத் தடவிக்கொண்டு சொன்னாள் உன் தங்கை. யாரைக் கேட்பது? நீ எடுக்க வேண்டிய மீதி வகுப்புகள் அப்படியே கிடந்தன.

உன் இடத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். கெட்டிக்காரி, நல்ல பெண். ஆனால் அவளுக்கு ஒரே நாளில் எட்டுக் குடும்பத்தைப் பார்த்துவிட்டு ரயிலைப் பிடிக்க வேண்டும். நாங்கள் சொன்னதைக் கேட்டாள். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள். நீ போனதிலிருந்து என்றோம். "அப்ப இது துக்கம்தான் சார். மாமாவ ரொம்ப மிஸ் பண்ணுது" என்றாள். எங்களுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நாங்கள் தவிப்பதுபோல அவளும் தவிக்கிறாள் என்று நினைக்க ஆறுதலாகக்கூட இருந்தது. துக்கம் ஆறும்வரை நல்ல பழக்கத்துக்கு நட்சத்திரம் ஒட்டுங்கள் என்று ஒரு அட்டையும், பளபளக்கிற நட்சத்திரத் தாள்களும் கொடுத்தாள். எடுக்காமல் இருந்த நாளுக்கு ஒன்று, கடிக்காமல் இருந்த நாளுக்கு ஒன்று. வாரம் முழுக்கச் சேர்ந்தால் பரிசு.

மல்லி என்ன செய்தாள் தெரியுமா? எல்லா நட்சத்திரத்தையும் உரித்து என் பைக்கின் பெட்ரோல் டேங்கில் ஒட்டிவிட்டாள். நான் கவனிக்காமல் கல்லூரிக்குப் போய்விட்டேன். "சார், கட்சி ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று மாணவர்கள் கேட்டார்கள். துறைத் தலைவனும் ஜன்னலில் நின்று பார்த்தான். நீ இருந்திருந்தால் தரையில் புரண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படியே மாதங்கள் போயின. ஒரு மாலை அவள் சொல்லாமல் வெளியே போய்விட்டாள். ஏழு மணி இருக்கும். தெருமுனையில் இருக்கிற மெஸ் வாசலில் நின்றுகொண்டு, "அண்ணா, ஒரு தோச குடுங்க. எங்க வீட்ல ராத்திரிக்கு சோறு கிடையாது" என்றிருக்கிறாள். மெஸ்காரர் தோசை கொடுத்தார். மறுநாளும் போனாள். மூன்றாம் நாள் அவர் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது என்று இன்று தோன்றுகிறது. அன்று அவரை என் எதிரிகளின் வரிசையில் முதலிடத்தில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் வந்தார். இளம்பெண், வெயிலில் கறுத்த முகம், கையில் ஹெல்மெட். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. கேட்டே ஆவணும். குழந்தைக்கு ராத்திரி சாப்பாடு போடறீங்களா?"

பாலா, என்னைப் பற்றி உனக்குத் தெரியும். வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு சுண்டல் பொட்டலத்தைக்கூட அடுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிரித்ததில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் கதவைப் பாதி திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜமதி பால் ஃபிளாஸ்க்கை எடுத்துக் காட்டினாள். பழக்கூடையைக் காட்டினாள். மல்லி சுவரோடு ஒட்டிக்கொண்டு, கேட்ட கேள்வி எதற்கும் வாய் திறக்காமல் நின்றாள்.

"கூட்டிட்டுப் போங்க" என்றேன். "பெத்த புள்ள மாதிரி பாத்தோம். இந்தப் பேச்செல்லாம் கேக்கணும்னு எங்களுக்கு தலையெழுத்து இல்ல. இப்பவே கூட்டிட்டுப் போங்க."

அந்தப் பெண் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தார். "இப்ப கூட்டிட்டுப் போக முடியாது சார். திங்கக்கிழமை குழந்தைகள் நலக் கமிட்டி உக்காருது. அங்க வந்து இதையே சொல்லுங்க. அதுவரைக்கும் குழந்த முன்னாடி சொல்லாதீங்க" என்றார்.

அவர் அதைச் சொல்லும்போது மல்லி என்னைப் பார்த்தாள். அழுகை இல்லை, கோபம் இல்லை. இல்லத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்த பிளாஸ்டிக் பையை அன்று மாலை அலமாரிக்கு மேலிருந்து தானே எடுத்து, தன் சட்டைகளை மடித்து உள்ளே வைத்தாள். ஒன்பது வயதுக்கு அவ்வளவு ஒழுங்காக மடிக்கத் தெரிந்திருக்கக் கூடாது.

சனிக்கிழமை ராஜமதிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் துலக்கிப் போட்ட பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கும்படி என்னிடம் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அந்த வேலை செய்ததில்லை. ஆறு மணிக்கு முன்னால் இருக்கும், இன்னும் வெளிச்சம் இருந்தது. மல்லி சமையலறை வாசலில் குப்புறப் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். சோறு வடிக்கிற பெரிய குண்டானைத் தூக்கி மேடைமேல் கவிழ்த்தேன். பழக்கமில்லாத கை. டங்கென்று விழுந்தது.

அவள் நிமிரவில்லை. பென்சிலை மட்டும் நிறுத்தினாள்.

"இன்னிக்கும் இல்லையா சார்?"

"என்ன இல்ல?"

"சோறு."

"இப்பதானே சாப்ட்ட? ரசம் வேணாம்னு அடம் பண்ணிட்டு சாப்ட்டியே."

"அது டிபன்."

"டிபனா? சோறு, குழம்பு, பொரியல். அது எப்படி டிபன் ஆவும்?"

"ஸ்கூல்லேந்து வந்து சாப்ட்டா டிபன். ராவுல சாப்ட்டாதான் சோறு." ஒரு மக்குப் பையனுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு குண்டானைப் பார்த்தாள். "எங்கம்மா குண்டான கவுத்துட்டா அன்னிக்கு சோறு இல்ல. அப்பா அரிசி வாங்கியாரலன்னு அர்த்தம். நாங்க கேக்க மாட்டோம். கேட்டா அம்மா அழும்."

நான் கையில் இருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். "தினமும் கவுத்தறதாலயா நீ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே என்றாயே. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்க்கச் சொன்னாயே. அதற்கு முன்னால் நடந்தது என் கண்முன்னே மேடைமேல் குப்புறக் கிடந்தது. எல்லா வீட்டிலும் பாத்திரம் கவிழ்ப்பார்கள், ஆனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு. இருட்டுவதற்கு முன்னால், முழு மாலையும் மிச்சமிருக்க, கவிழ்த்து வைக்கிற வீடு எங்களுடையது மாதிரி எத்தனை இருக்கும்? எங்களுக்கு அது பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். அதனால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் புண்ணியம் என்று நினைத்துச் செய்ததை அவள் ஒவ்வொரு சாயங்காலமும் பஞ்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அதற்குத் துக்கம் என்று பெயர் வைத்து நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

உள்ளறைக்குப் போய் ராஜமதியிடம் சொன்னேன். படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"எங்கண்ணனுக்காக எடுத்த நோன்பு. அது இந்தப் புள்ளய இப்படிப் போட்டு வாட்டிச்சா?"

"உன்மேல தப்பில்ல ராஜி. யாருக்கும் தெரியல."

கொஞ்ச நேரம் அழுதாள். நோன்பை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விட்டால் உன்னையே இரண்டாம் முறை அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும் அவளுக்கு என்பதும் எனக்குத் தெரிந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் வெளியே இருட்டிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், உன் தங்கை.

"நோன்பு எனக்குதானே? குண்டானுக்கு இல்லையே?"

"இல்ல."

"உங்களுக்கும் இல்லல்ல? அப்புறம் என்ன இங்க உக்காந்துட்டு இருக்கீங்க? போய் அடுப்ப பத்த வைங்க."

சோறு குழைந்துவிட்டது. உப்பும் போடவில்லை. ராஜமதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் ஜாஸ்தி, தீ கம்மி என்று அங்கிருந்தே அதிகாரம் செய்தாள். எட்டு மணிக்கு மல்லிக்குப் போட்டேன். தயிர் ஊற்றி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். "கஞ்சி மாதிரி கீது சார்" என்றாள். பசியில் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. ஊர்ஜிதம் செய்துகொள்கிற மாதிரி சாப்பிட்டாள். பிளாஸ்டிக் பையை மட்டும் அவள் பிரிக்கவில்லை. திங்கட்கிழமை என்பது அவள் காதில் விழுந்திருந்தது.

திங்கட்கிழமை கமிட்டி முன்னால் நின்றேன். அங்கே இருந்தவர்களில் ஒருவர் என்னிடம் படித்தவரின் அண்ணன். அவர் முன்னாலா? தலைவர் அம்மாள் நேராகக் கேட்டார். "குழந்தையத் திருப்பி எடுத்துக்கச் சொன்னீங்களாமே?"

"சொன்னேங்க. கோவத்துல சொன்னது. மெஸ்காரர் சொன்னதும் பொய்யில்ல, பொண்ணு சொன்னதும் பொய்யில்ல."

"அப்ப பட்டினி போட்டீங்களா?"

"இல்லிங்க. குண்டான கவுத்தோம்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலிலிருந்து சொன்னேன். என் மனைவியின் நோன்பைச் சொன்னேன், உன்னைச் சொன்னேன். அவ்வளவு படித்தும் பிள்ளையின் பக்கத்தில் நின்று என் சமையலறையை ஒருமுறை பார்க்கத் தெரியவில்லை என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிறகு மல்லியைக் கூப்பிட்டார்கள்.

"இப்ப ராத்திரி சாப்பாடு போடறாங்களாம்மா?"

"போடறாங்க. சாரும் கூடவே உக்காந்து சாப்பிடறாரு. பேசிக்கினே சாப்பிடறாரு. அசோகரு, அக்பருன்னு. அது ஒண்ணுதான் தொல்ல."

அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். "நீ என்னம்மா சொல்ற? இவங்களோட இருக்கியா, ஹோமுக்குப் போறியா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. ராஜமதியையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்து நெடுநேரம் யோசித்தாள். அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று உனக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை, மச்சான்.

"இன்னிக்கு பெரியம்மா வத்தக்குழம்பு வச்சிட்டு வந்துக்கீறாங்க" என்றாள் கடைசியில். "மூடி போட்டு அடுப்பு மேலயே கீது. அது எட்டு மணிக்கு."

பள்ளி ஆண்டு முடியும்வரை எங்களிடமே இருக்கட்டும் என்று எழுதினார்கள்.

இப்போதைய சேதியையும் கேள். திருட்டு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன், குறைந்திருக்கிறது. கடிப்பதில்லை. பொய் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. வாரத்தில் ஒரு நாளாவது ஏதாவது ஒன்றை உடைக்கிறாள். எனக்கு முட்டி வலிக்கிறது, எட்டு மணிக்குத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டியிருக்கிறது. அந்தக் கையை அவள் கொடுக்கிறாள், முனகிக்கொண்டே. ராஜமதியின் ஒரு வருடம் இந்த வாரத்தோடு முடிகிறது. "நான் விடப்போறதில்ல, பழகிடுச்சு. நீங்க ரெண்டு பேரும் உங்க கச்சேரிய நடத்துங்க" என்கிறாள்.

சென்னைப் பெண்ணிடம் போனில் குண்டான் கதையைச் சொன்னேன். "இத நான் கேட்டிருக்கணும் சார்" என்றாள். அவள்மேல் வைத்திருந்த கோபத்தை அங்கேயே கைகழுவினேன். எனக்கே ஆச்சரியம்தான்.

உன் வகுப்புக்கு வந்த குடும்பங்கள் இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் கூடத்தில் கூடுகின்றன. வகுப்பு எடுக்க ஆளில்லை. ஒருவர் வீட்டுத் தகராறை இன்னொருவர் கேட்கிறோம், அவ்வளவுதான். ஏழுமலை வீட்டுப் பையன் காக்கிச் சட்டையைக் கண்டால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறான். ஆட்டோக்காரர் வீட்டில் வேறென்ன சட்டை இருக்கும்? போன வாரம் மனிதர் கோடுபோட்ட பனியனோடு வந்து இறங்கினார். "இன்னா சார் பாக்கறீங்க, தெருவுக்குள்ள வந்தா சட்டைய கழட்டிடறேன். ஊரே என்னைய பைத்தியம்னு சொல்லுது" என்றார். உன் இடத்தில் என்னை உட்காரச் சொல்கிறார். நான் உட்காரவில்லை. பாயில் எல்லோருக்கும் பொதுவான இடம் போதும்.

உன்மேல் எனக்கு இருக்கிற மனத்தாங்கல் ஒன்றும் தீரவில்லை. அடைப்பை மறைத்தது, என்னை நடுவில் உட்காரவைத்து எல்லோரையும் சிரிக்கவைத்தது, பாதியில் போனது. எல்லாம் அப்படியே இருக்கிறது. எனக்கு மறக்க வராது. அவளுடைய அப்பா திருந்தி வந்து கேட்கலாம், கமிட்டி வேறு மாதிரி முடிவு எடுக்கலாம். அது என் கையில் இல்லை, அப்படி ஒரு நாள் வந்தால் ஒழுங்காக அனுப்பிவைப்பேன், உன்னிடம் படித்த ஒழுங்கில்.

என் கையில் இருப்பது ஒன்றுதான். அதை உனக்கு வாக்காகத் தருகிறேன். அவள் என் கண்ணாடியை உடைக்கட்டும், ஊர் முன்னால் என் மானத்தை வாங்கட்டும், இன்னும் யாராவது வந்து கதவருகே நின்று எதையாவது கேட்கட்டும். "கூட்டிட்டுப் போங்க" என்பது என் வாயிலிருந்து இனி ஒருமுறை வராது. அந்தப் பிளாஸ்டிக் பை இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. நான் அதைத் தொடமாட்டேன். அவளுக்கு நம்பிக்கை வருகிற அன்று அவளே பிரிக்கட்டும். அதுவரை நான் இங்கேதான் இருப்பேன்.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன்மேல் கோபம் குறையாத மச்சான்,
தரணி